அறுபதில் நின்ற கோடு

எண் என்றால் எனக்கு ஒரு பலவீனம். ஒருவர் வாயால் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பேன். அதையே ஒரு மீட்டர் காட்டினால் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிடுவேன். வீட்டுக்காரர் உடம்பு சுடுகிறது என்றால், வேலைக்குப் போகாமல் இருக்க ஒரு சாக்கு என்பேன். தெர்மாமீட்டரைப் பார்த்த பிறகுதான் மிளகு ரசம் வைக்க எழுந்திருப்பேன். இதைச் சொல்லிச் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஒரு கோடையில் நடந்ததை மட்டும் அவர்களிடம் நான் சொன்னதில்லை.

அவிநாசியைத் தாண்டி, பைபாஸிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஒரு நூற்பாலையில் அப்போது வேலை பார்த்தேன். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு நூல் போகிற மில். இன்ஸ்ட்ருமெண்டேஷனில் டிப்ளமோ முடித்தவள் நான். அங்கே என் பொறுப்பு காற்றைப் பார்த்துக்கொள்வது. கல்யாண வீடுகளில், "மில்லுல என்ன வேல கண்ணு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். காற்றுக்கு ஈரம் வைக்கிற வேலை என்பேன். அவர்கள் என்னைப் பார்த்துவிட்டு என் மாமியாரைப் பார்ப்பார்கள். மாமியார் பந்தியைப் பார்ப்பார்.

பஞ்சு பொல்லாத பிறவி. காற்றில் ஈரம் குறைந்தால் அதற்குக் கோபம் வந்துவிடும். இழைகள் சிலிர்த்துக்கொள்ளும், ஒன்றையொன்று தள்ளும், உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஈரம் கூடினாலோ எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். பஞ்சை நூலாக முறுக்குகிற ரிங் பிரேம்கள் ஓடும் கூடத்துக்கு நாங்கள் வைத்திருந்த அளவு அறுபது. அதாவது காற்று எவ்வளவு ஈரம் தாங்குமோ, அதில் நூற்றுக்கு அறுபது பங்கு.

அந்த ஈரத்தைத் தயாரிக்க மில்லின் பின்பக்கம் ஓர் அறை உண்டு. எல்லோரும் பிளாண்ட் என்பார்கள். நான் மனசுக்குள் மழையறை என்பேன். சிறிய கதவைத் திறந்தால் உள்ளே அரையிருட்டு. குழாய் வரிசைகளிலிருந்து தூறல் விழுந்துகொண்டிருக்கும். பெரிய விசிறி இழுக்கிற காற்று அந்தத் தூறலுக்குள் புகுந்து நனைந்துகொண்டு போகும். வெளியே சித்திரை வெயிலில் தார் ரோடு உருகும்போதும் உள்ளே எப்போதும் ஐப்பசிதான். மதியம் சாப்பிட்டுவிட்டு அந்தக் கதவோரம் ஐந்து நிமிஷம் நிற்பேன். ஐந்து நிமிஷம் என்று நான்தான் நினைத்துக்கொள்வேன். முகத்தில் கண்ணுக்குத் தெரியாத நீர் படியும். எங்கேயோ இருக்கிறேன், யாராகவோ இருக்கிறேன் என்று தோன்றும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்க அந்த அறைதான் என்னைப் பழக்கியது.

தூறலைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரு கண்ட்ரோலரின் வேலை. ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதன் மொத்த அறிவும் நாலு கேள்விக்குள் அடங்கும். எவ்வளவு வேண்டும்? எவ்வளவு இருக்கிறது? இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்? அதற்கு நான் என்ன செய்யட்டும்? செய்துவிட்டு மறுபடி முதல் கேள்விக்கு வரும். குழம்புக்கு உப்புப் போடுகிறவர்கள் செய்வதும் இதுதான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, மனசில் இருக்கிற ருசியோடு ஒப்பிட்டு, விரல் நுனியில் இன்னும் கொஞ்சம் போடுகிறார்கள். பாலிடெக்னிக்கில் இதற்கு வட்டமாக அம்புக்குறி போட்டுப் படம் வரைந்து ஒரு பருவம் முழுக்க நடத்தினார்கள்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் நிறையத் திருத்து, சிறிதாக இருந்தால் கொஞ்சமாகத் திருத்து என்பது அதில் முதல் பாடம். ஆனால் சின்ன வித்தியாசம் ஒன்று விடாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால், அதை மறக்காமல் சேர்த்துவைத்து ஒரு நாள் கேட்டுவிடவும் தெரிய வேண்டும். அது இரண்டாவது. போகிற வேகத்தைப் பார்த்து, எங்கே போய் முட்டும் என்று முன்கூட்டியே ஊகித்துக்கொள்வது மூன்றாவது. நல்ல மாமியாருக்கு வேண்டிய மூன்று குணமும் இதுவேதான் என்று வகுப்பில் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி சொன்னாள். அன்றைக்கு வாத்தியாரும் சிரித்தார்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது தாமதம். மழையறையில் தூறல் கூடியது கூடத்தில் உடனே தெரியாது. நனைந்த காற்று கூரையடியில் நீண்ட தகரக் குழாய்களுக்குள் நடந்து வர வேண்டும். அதுவரை பொறுக்காமல் இன்னும் திற, இன்னும் திற என்று திறந்துவிட்டால் கடைசியில் எல்லாம் மொத்தமாக வந்து சேரும். குண்டடத்தில் என் அப்பா மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் கட்டும்போது, கடைசிப் பாத்தி பாதி நனைவதற்குள்ளேயே மோட்டாரை நிறுத்திவிடுவார். வாய்க்காலில் இருக்கிற தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. அவருக்கு டிப்ளமோ இல்லை.

கண்ட்ரோலருக்குக் கண் கிடையாது. கூடத்துத் தூணில் மாட்டியிருந்த ஒரு சின்னப் பெட்டிதான் அதன் கண். அதற்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறுமனே இருக்கும். மற்றதன் குமிழில் ஒரு துணித் திரி சுற்றியிருக்கும், திரியின் நுனி தண்ணீர்க் குப்பிக்குள் இறங்கியிருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது தண்ணீரை இழுத்து, குமிழை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும். காற்று வறண்டிருந்தால் அந்த ஈரம் வேகமாகக் காயும், குமிழ் குளிரும், இரண்டு வெப்பமானிக்கும் நடுவே இடைவெளி விரியும். காற்று ஈரமாக இருந்தால் இடைவெளி சுருங்கும். அந்த இடைவெளியைக் கணக்குப் போட்டுத்தான் ஈரம் இவ்வளவு என்று பெட்டி சொல்லும். ஒரு விரல் துணியை நம்பி ஒரு கூடமே மூச்சு விடுகிறது என்று நினைக்க எனக்கு அப்போது அழகாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் புதுக் கூடம் ஒன்று கட்டி, ஆறு பிரேம் போட்டிருந்தார்கள். அதற்குத் தனி மழையறை, தனிப் பெட்டி. சித்திரை பிறந்த வாரத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். திரி உப்புப் படிந்து மஞ்சளாகிக் கெட்டிப்பட்டிருந்தது. ஸ்டோரில் போய்ப் புதுத் திரி கேட்டேன். "சொல்லியிருக்குதுங்க, வந்துருமுங்க," என்றார்கள். எங்கள் பக்கத்தில் வந்துருமுங்க என்றால், வராது என்பதை மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

திருப்பூரைச் சுற்றியிருக்கிற எந்த வீட்டிலும் துணிக்குப் பஞ்சம் கிடையாது. வண்டி துடைக்க, அடுப்பு துடைக்க, குழந்தைக்கு மூக்கு துடைக்க, எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். என் வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பார்க்கிறார். அவ்வப்போது ஒரு பை கொண்டுவருவார். அந்தப் பையில் ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தது. அத்தனை மெதுவான துணி, கன்னத்தில் வைத்தால் எடுக்க மனசு வராது. சுத்தப் பருத்தி. அதை விரலகலத்துக்குக் கிழித்துக்கொண்டுபோய், தண்ணீரில் போட்டுக் கசக்கிப் பிழிந்து, குமிழில் சுற்றிக் கட்டினேன். பெட்டியை மூடும்போது என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

பெட்டி சொல்வதைக் கோடாக வரைந்து காட்டுகிற கம்ப்யூட்டர் திரை ஒன்று உண்டு. இரண்டொரு நாளில் அதில் கோடு அறுபதில் வந்து நின்றது. முன்பெல்லாம் ஐம்பத்தெட்டு, அறுபத்திரண்டு என்று ஆடிக்கொண்டிருக்கும். இப்போது ஆட்டமே இல்லை. அந்தக் கோடு செல்போனிலும் தெரியும். சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால், கையில் துணியோடு நின்று அதைப் பார்ப்பேன். தூரத்தில் தேர் வீதிப் பக்கம் விளக்குகள் ஒவ்வொன்றாக வரும். காற்றே இருக்காது. கோடு மட்டும் நேராகப் போய்க்கொண்டிருக்கும். வீட்டுக்காரரிடம் காட்டினேன். "இதுல என்ன புள்ள இருக்குது, சும்மா கோடு," என்றார். அவருக்கு ரசனை பத்தாது என்று விட்டுவிட்டேன்.

புதுக் கூடத்தில் பகல் ஷிப்ட் பார்த்தவள் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள். முப்பது வயது தாண்டியிருக்கும். புருஷன் வீட்டில் அடி தாங்காமல் ஒரு துணிப்பையோடு பஸ் ஏறியவள். டீ நேரத்தில் இதை அவளே சொன்னாள், வேறு யாருக்கோ நடந்ததுபோல. மில் குவார்ட்டர்ஸில் அவளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அவளாகப் பூட்டி அவளாகத் திறந்த முதல் கதவு அதுதானாம். முன்பு தாலி கிடந்த இடத்தில் இப்போது ஒரு கறுப்புக் கயிற்றில் அந்தச் சாவி கிடந்தது. மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அது கடைசி மாதம். பிரேம் வேலை இல்லையென்றால் அறையும் இல்லை, சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

நான் திரி மாற்றிய நாலாம் நாள் அவள் என்னைத் தேடி வந்தாள்.

"அக்கா, காத்து வறண்டு கெடக்குக்கா. நூலு நிக்க மாட்டேங்குது. இங்கிட்டு ஒட்டுனா அங்கிட்டு அறுகுது."

அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் திரைக்கு முன்னால் நிறுத்தினேன். "இங்க பாரு. வேணுங்கறது அறுபது. இருக்கறதும் அறுபது. இதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்?"

அவள் எண்ணைப் பார்த்தாள். பிறகு தன் கையைத் திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள். "கையில முடியெல்லாம் எந்திரிச்சு நிக்கிதேக்கா. ஒதடு வெடிக்கிது."

"மீட்டர் பொய் சொல்லாதும்மா. நீ ஒதட்டுக்கு வெண்ணெய் வெய்யி," என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அதே பிரேம், அதே பஞ்சு, இரவு ஷிப்டில் அவ்வளவு அறுபடவில்லை. சூப்பர்வைசர் இரண்டு ஷிப்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார். பகலில் அறுகிறது என்றால் பகலில் பார்க்கிறவள் சரியில்லை என்று அவர் முடிவுக்கு வந்தார். இரவில் வெளிக்காற்றே குளிர்ந்து ஈரமாக இருக்கும், மழையறை ஓடாவிட்டாலும் பாதகமில்லை, நிஜமான சோதனை பகல் வெயிலில்தான் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? பரீட்சையில் கேட்டால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். கேட்டது பரீட்சை இல்லையே, ஒரு பிரேம்காரி.

அந்த நாட்களில் புதுக் கூடம் அவ்வளவு அழகாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மதியம் மூன்று மணிக்கு மேல் கூரைக் கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து இறங்கும். அந்த வெளிச்சத்தில் பஞ்சுத் துகள்கள் தரைக்கு வர மனசில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. பிரேம்களின் இரைச்சல் ஒரே சுருதியில் போய்க்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் காதுக்குக் கேட்காமல் போய்விடும். அந்த நிசப்தத்துக்குள் வெள்ளையாக ஏதோ பெய்துகொண்டே இருந்தது. அதற்கு நடுவே அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தாள். வாசலில் நின்ற எனக்கு அவளும் மிதப்பதாகத் தெரிந்தது. கிட்டப் போயிருந்தால் அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்திருக்கும். காற்றில் ஈரம் சரியாக இருந்தால் பஞ்சு அப்படிப் பறக்காது, என் தொழிலின் அரிச்சுவடியே அதுதான். அரிச்சுவடி கண்முன்னால் பறந்தது. நான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவள் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து பிரேமுக்கு அடியில் தரையில் கையால் அள்ளி அள்ளித் தெளித்தாள். கொஞ்ச நேரம் நூல் நின்றது. அவள் முகம் தெளிந்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டி மாட்டியிருக்கிற தூணுக்குப் பக்கத்திலேயே தண்ணீரா? ஓடிப்போய்ப் பக்கெட்டைப் பிடுங்கினேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "வேல பழகு மொதல்ல. காத்த நான் பாத்துக்கறேன்."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் அதையும் அவள் பேரில் எழுதிக்கொண்டார். அன்று என்ன நடந்தது என்று பின்னால் திரையில் தேடிப் பார்த்தேன். அவள் தெளித்த தண்ணீரைப் பெட்டி மோப்பம் பிடித்து, ஈரம் கூடிவிட்டது என்று சொல்லியிருந்தது. கண்ட்ரோலர் தூறலை இன்னும் குறைத்திருந்தது. அவள் கொடுக்கக் கொடுக்க அது பிடுங்கியிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கூடத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள்.

பதினோராம் நாள் அவளைக் கூப்பிட்டு, சனிக்கிழமையோடு கணக்கு முடிகிறது, சாயங்காலம் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். அன்று வெள்ளிக்கிழமை. அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, மேனேஜர்ட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. காத்து சரியில்லன்னு. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"இல்லாதத எப்படிம்மா சொல்றது?"

அவள் தலையாட்டினாள். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டதுபோல்தான் இருந்தது. கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே போனாள். எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது என்பது நிஜம். பாவமாக இருந்ததோடு சரி.

சனிக்கிழமை காலை அடுக்களையில் அரிசி களைந்த தண்ணீரைக் கால் தட்டிக் கொட்டிவிட்டேன். பையிலிருந்து கைக்கு வந்த பனியன் துணியை எடுத்துத் துடைத்தேன். தண்ணீர் துணிக்குள் வரவில்லை. துணியைத் தள்ளினால் தண்ணீர் முன்னால் நகர்ந்தது. இன்னும் தள்ளினேன், இன்னும் நகர்ந்தது. அடுப்படியிலிருந்து கதவு வரை அப்படியே தள்ளிக்கொண்டு போனேன், ஏதோ விளையாட்டுபோல. கதவு வந்ததும் கையிலிருந்த துணியைப் பார்த்தேன். வெள்ளை. மெதுவான துணி. அதே துண்டின் மிச்சம்.

"ஏனுங்க," என்று கூப்பிட்டேன். "இது தண்ணியே குடிக்க மாட்டேங்குதுங்க."

வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "அது சிலிகான் போட்ட துணி புள்ள. மெதுமெதுன்னு இருக்கோணும்னு பினிஷிங்ல போடறது. அது எங்க தண்ணி குடிக்கும்? நாலஞ்சு தடவ நல்லாத் தொவச்சாத்தான் வழிக்கு வரும்."

திருப்பூரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் அது பனியன் கம்பெனி விஷயம், இது மில் விஷயம் என்று என் மண்டைக்குள் இரண்டும் வேறு வேறு அறையில் இருந்தன. பீரோவைத் திறந்து, துவைத்துத் துவைத்து நைந்துபோன அவருடைய பழைய வேட்டி ஒன்றை எடுத்தேன். கிழித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

மில்லுக்குப் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். குப்பியில் தண்ணீர் நிறைய இருந்தது. திரியின் நுனி மட்டும் நனைந்திருந்தது, குமிழைச் சுற்றி இருந்த இடம் ஏதோ பேருக்கு ஈரமாக இருந்தது. பேருக்கு ஈரமாக இருந்ததால் குமிழும் பேருக்குத்தான் குளிர்ந்தது, இடைவெளி சுருங்கியது, காற்று ஈரமாக இருக்கிறது என்று பெட்டி நம்பியது. கண்ட்ரோலர் அதை நம்பி, இவ்வளவு தூறல் எதற்கு என்று கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்து, பெட்டி அறுபது என்று சொல்லும் இடத்தில் திருப்தியாக நின்றுவிட்டது. நான் கண்ட்ரோலரை நம்பினேன். யாரும் வேலையில் குறை வைக்கவில்லை. கோடு அத்தனை நேராக இருந்ததற்குக் காரணம், அது காற்றைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

வேட்டித் துணியை நனைத்துச் சுற்றினேன். கொஞ்ச நேரத்தில் திரையில் எண் இறங்கத் தொடங்கியது. ஐம்பத்து மூன்று. நாற்பத்தாறு. முப்பத்தொன்பதில் வந்து நின்றது. பதினோரு நாளாக அவள் நின்ற காற்று அது. கண்ட்ரோலர் அதன் போக்கில் திறந்துகொண்டிருந்தது, எனக்குத்தான் பொறுமையில்லை. கண்ட்ரோலரை விலக்கிவிட்டு, என் கையாலேயே தூறலை முழுக்கத் திறந்துவிட்டேன். எண் அசையவில்லை என்று இன்னொரு பம்பையும் போட்டேன். அப்பாவின் வாய்க்கால் எல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது அந்த நேரத்தில்? கூரைக் குழாய்களிலிருந்து புகைபோல் ஈரம் இறங்கியது, தரை பளபளத்தது, எண் எண்பதைத் தாண்டி ஏறியது, உருளைகளில் பஞ்சு ஒட்டிக்கொண்டது. அழாத குறையாகப் பம்பை நிறுத்தி, பழையபடி கண்ட்ரோலரிடமே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது ஆடி, குறைந்து, மறுபடி ஆடி, மெல்ல மெல்ல அடங்கியது. அவ்வளவு நீளமான காலை நேரத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அவள் தன் கடைசி ஷிப்டில் நின்றிருந்தாள். அறுந்த இழைகளை எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டினாள். ஒட்டியது நின்றது. அடுத்ததும் நின்றது. அவள் நடை மெதுவானது. நடுவில் ஒரு தடவை நின்று, அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். மிதந்துகொண்டிருந்த பஞ்செல்லாம் இறங்கி, காற்று காலியாக இருந்தது. உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, யாரோ எதையோ தரப்போவதுபோல் நின்றிருந்தாள். நான் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன்.

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். நல்ல மனுஷர். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"விடுங்க மேடம். இப்பச் சரியாப் போச்சுல்லங்க? அந்தப் பொண்ணுக்கு லெட்டர் அடிச்சாச்சு, மொதலாளிக்கும் சொல்லியாச்சுங்க. அது எங்கயாச்சும் இன்னொரு மில்லுல சேந்துக்கும். நீங்களாப் போயித் தலையக் குடுக்காதீங்க."

ஒரு நிமிஷம் அந்த வார்த்தை எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இனிக்கத்தான் செய்தது. அவள் போய்விட்டால் அந்தத் திரியை என்னோடு சேர்த்துப் பேச யாரும் இல்லை. இன்னொரு மில்லில் இன்னொரு அறை கிடைக்காதா என்றுகூட அவளுக்காக யோசிப்பதுபோல் யோசித்தேன். பிறகு அவருடைய மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். திரி மாற்றியது நான், துணி என் வீட்டுத் துணி, பதினோரு நாள் காற்று வறண்டிருந்தது, அறுபட்டதற்கு அந்தப் பெண் காரணமில்லை. கையெழுத்துப் போட்டுத் தள்ளி வைத்தேன்.

"மொதலாளிகிட்ட நானே வேணும்னாலும் சொல்றனுங்க," என்றேன்.

அவர் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு டைப் அடித்த கடிதத்தைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். எனக்கு ஒரு மெமோ வரும் என்றார். வரட்டுமுங்க என்றேன்.

ஷிப்ட் முடிந்து அவள் கை கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். சொல்வதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரிசையாக வரவில்லை. துணி, சிலிகான், திரி என்று என்னென்னவோ உளறினேன். வேலை போகவில்லை, அறையும் போகவில்லை என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், அதைக் கடைசியில்தான் சொன்னேன். தப்பு என்னுடையது, உன்னை அத்தனை பேர் முன்னால் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்க என்றேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்காக்கா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"மீட்டரு பொய் சொல்லாதுன்னு சொன்னீங்கள்ல. அப்பக் கோளாறு என் கையிலதான்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சதுலருந்து கை நடுங்குற மாதிரியே இருந்துச்சு. டாக்டரம்மாட்டப் போயி, கை நடுங்குது, நூலப் பிடிக்க முடியலன்னு சொன்னேன். மாத்தர குடுத்தாங்க." இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்து, பாதி காலியான ஓர் அட்டையை வெளியே எடுத்தாள். "ஒரு வாரமா முழுங்கிட்டிருக்கேன். தூக்கமா வருது. ஆனா மீட்டரு சரியாத்தான் இருக்குன்னு நீங்க சொன்னதுனால விடாமப் போட்டுக்கிட்டேன்."

நான் அழுதுவிட்டேன். அங்கே போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

அவள் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாமல், அட்டையை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள். "அழாதீங்கக்கா. நீங்களே சொல்லுங்க," என்றாள். "மிச்ச மாத்தரய நிறுத்திரலாமா?"